வெள்ளிக்கிழமைக் காசு

புதன்கிழமை மாலை ஐந்து பத்துக்கு மருதமுனைச் சந்தியில் பஸ் நின்றது. கல்முனையில் டியூஷன் முடித்த பிள்ளைகள் நாலைந்து பேர் இறங்கினார்கள். என் மகள் இறங்கவில்லை. பஸ் போன பிறகு எதிர்ப்பக்கத்தில் நிற்பாள் என்று பார்த்தேன். அங்கே மதிலோடு சாத்திய ஒரு சைக்கிள்தான் இருந்தது.

அவளுக்குப் பதினொரு வயது. அவளுடைய கைக்காசைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன்பு சந்திக் கடைக்காரர் என்னை மறித்து, "மகள் எடுத்த சாமானுக்குக் காசி இரிக்கி தங்கச்சி" என்றார். "உம்மா தருவா" என்று சொல்லிச் சொல்லி எடுத்திருக்கிறாள். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

அடுத்த வெள்ளிக்கிழமையே கைக்காசு கொடுக்கத் தொடங்கினேன். வெள்ளிக்கு வெள்ளி, ஒரு கிழமைக்கான பஸ் காசையும் தின்பண்டக் காசையும் ஒன்றாகவே கொடுப்பேன். எப்படிச் செலவழிப்பது என்பது அவள் பாடு, மிஞ்சினால் அவளுக்கு.

"முடிஞ்சா முடிஞ்சதுதான். அடுத்த வெள்ளி வரைக்கும் என்னட்டயும் கேக்கப்படாது, வேற ஆரிட்டயும் கை நீட்டப்படாது. விளங்கினயா?"

"விளங்கின உம்மா."

நன்றாகவே விளங்கிக்கொண்டாள். மிச்சத்தை ஒரு பால்மா டின்னில் சேர்த்து, பெருநாளுக்குத் தன் காசிலேயே வளையல் வாங்கினாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். என் கணவர் மட்டும், "நீ புள்ளய வளக்கிறயா, பேங்க் மனேஜர வளக்கிறயா?" என்று சிரித்தார்.

சந்தியில் நின்றபடியே, அவளுடன் படிக்கும் பிள்ளையின் உம்மாவுக்குப் போனில் கோல் எடுத்தேன். அவர் எங்கள் அடுத்த தெரு. தன் மகளை ஓட்டோவில் கூட்டி வருபவர்.

"ராத்தா, என்ட மகள் உங்களோட வந்தாவா?"

"இல்லயே கா. நான் ஏறச் சொன்னன். காசி முடிஞ்சி மாமி எண்டா. உன்னட்ட ஆர் புள்ள காசி கேட்ட எண்டன். 'உம்மா ஏசுவா' எண்டு போட்டு ஓடிட்டா. பஸ்ஸுக்குத்தான் ஓடுறா எண்டு நெனச்சன்."

பின்னாலிருந்து அந்தப் பிள்ளை கத்தியது: "மாமி, அவ பஸ் காசிக்கி மாங்கா அச்சாறு வாங்கித் திண்டுட்டா!"

கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனைப் பக்கம் போனார். நான் வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். 'உம்மா ஏசுவா' என்ற சொல் என்னை விடவில்லை. கடையில் கடன் சொல்வது வேறு, வழியில் தெரிந்தவரிடம் உதவி கேட்பது வேறு. அதை நான் அவளுக்குப் பிரித்துச் சொன்னதே இல்லை. அன்று கடையில் எனக்கு வந்த வெட்கத்தைத்தான் சட்டமாக்கி அவளிடம் கொடுத்திருந்தேன். பஸ் காசு இனிமேல் தனி, அதைத் தொலைத்தாலும் தின்றாலும் என்னிடம் கேட்கலாம் என்று அங்கே நின்றபடியே முடிவெடுத்தேன். கேட்பதற்கு அவள்தான் இல்லை.

கணவர் கோல் எடுத்தார். "மெயின் ரோட்டில காணல்ல. இன்னொருக்காப் பாத்துட்டு வாறன். நீ பயப்படாத." அவருடைய குரலே பயந்துபோயிருந்தது.

எங்கோ இரண்டு மூன்று தெரு தள்ளி, பேக்கரிச் சாமான் விற்று வரும் பாண் ஓட்டோவின் பாட்டு கேட்டது. ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்றுதான் அது வரும். தினமும் கேட்கிற பாட்டுத்தான், ஆனால் அன்று அதை யாராவது நிறுத்தினால் போதும் என்றிருந்தது. கடற்கரைத் தெருவால் நடந்திருப்பாளோ, நாய்களுக்குப் பயந்து எங்காவது நிற்கிறாளோ என்று யோசித்தேன். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. பாங்குக்காகப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவில் இறங்கி நடப்போம் என்று கேற்றைத் திறந்தேன்.

சத்தமில்லாமல் பாண் ஓட்டோ வந்து நின்றது. காலையும் மாலையும் எங்கள் வாசலுக்கு வருகிற, மகள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற அதே ஆள். அவருக்குப் பக்கத்தில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் மகள்.

"ஏசாதீங்க தங்கச்சி," என்றார் அவர், நான் வாய் திறக்கும் முன்பே. "கல்முனையில இரிந்து கடற்கரைத் தெருவால தனிய நடந்து வந்த. ஏறு புள்ள எண்டா, சும்மா ஏற மாட்டன் எண்டிட்டா. நம்பரத் தா, உம்மாக்குச் சொல்லுவம் எண்டன். 'கோல் எடுத்தா உங்கட காசி போகும் காக்கா' எண்டு எனக்குப் படிப்பிக்கிறா! கடைசியில, பாண் எடுத்துக் குடுத்துக் கூலிக்கு வாறன் எண்டு ஏறின. பாதி ஊருக்கு இவதான் இண்டைக்கிப் பாண் குடுத்த. அதான் சுணங்கின."

அவருக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் மகளைத்தான் பார்த்தேன். மகள் இறங்கி வந்தாள். செருப்பெல்லாம் மணல். கையில் கடதாசியில் சுற்றிய, முதலை வடிவில் சீனி தூவிய ஒரு கிம்புலா பணிஸ். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் ஏசப்போகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஆரிட்டயும் கை நீட்டல்ல உம்மா," என்றாள். "வேல செஞ்சிதான் வந்தன்."