அம்மாக்கண்ணு கத்தி வைத்த நாள்

பெயர்: அம்மாக்கண்ணு. வயது: முப்பத்தாறு. ஊர்: ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த கீழ்ப்பாறைக்கொல்லை, வீடுகள் இருபத்தேழு. கணவர் லட்சுமணன் 2023 ஜூலை 9 அன்று மஞ்சள் காமாலையில் இறந்தார். மகள் அருணா திருப்பத்தூரில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நிலம் ஒன்றரை ஏக்கர், மானாவாரி. சாமையும் கேழ்வரகும் விளையும். இவை தவிர, லட்சுமணனுக்கும் அவருடைய அண்ணன் சிங்காரத்துக்கும் பொதுவாக ஆறு புளியமரங்கள் இருந்தன. ஆளுக்கு மூன்று. லட்சுமணன் உயிரோடு இருந்தவரை அதில் சிக்கல் எழவில்லை.

கீழ்ப்பாறைக்கொல்லையில் புளி உலுக்குவதற்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பங்குள்ள ஒவ்வொரு வீடும் தன் கொடுவாளைக் கொண்டுவந்து முதல் மரத்தடியில் வைக்க வேண்டும். இதைக் ‘கத்தி வைத்தல்’ என்கிறார்கள். கடையில் வாங்கிய கத்தி செல்லாது. அந்த வீட்டுக்கென்றே செய்த வீட்டுக் கத்தியாக இருக்க வேண்டும். மரத்துக்கு வெறும் இரும்பாகக் கொண்டுவரக் கூடாது, உறை வேண்டும். கட்டைவிரல் பருமனுள்ள பச்சைக் கிளையை ஒரே வெட்டில் அது துண்டாக்க வேண்டும். கத்தி வைத்த வீட்டுக்கு அந்த ஆண்டின் பங்கு உண்டு. வைக்காத வீட்டுக்கு இல்லை. பெண் கத்தி வைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எந்தப் பெண்ணும் வைத்ததும் இல்லை.

ஒருவர் இறந்தால், பதினாறாம் நாள் அவருடைய கத்தி உடன்பிறந்தவர் வீட்டுக்குப் போகும். லட்சுமணனின் கத்தி சிங்காரத்தின் வீட்டுக்குப் போயிற்று. 2024 மார்ச் 3 அன்று சிங்காரம் மரத்தடியில் இரண்டு கத்திகளை வைத்தார். ஆறு மரங்களையும் உலுக்கினார். தம்பி மனைவிக்கு இரண்டு கூடைப் புளியை அனுப்பினார். அவற்றில் ஒரு கூடை பூச்சி அரித்தது.

அம்மாக்கண்ணு அந்தக் கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் கொட்டினார்.

“மூணு மரத்துக்கு ரெண்டு கூடையா மாமா?”

“தம்பி கத்தி எங்கிட்ட கீது. மரமும் எங்கிட்டதான் கீது. குடுத்ததை வாங்கிக்கினு போ.”

“நான் இன்னா பிச்சைக்கா வந்தேன்?”

“பின்னே இன்னாத்துக்கு வந்த? கத்தி வைக்கவா?”

சிங்காரத்தின் மனைவி மாணிக்கம்மாள் உள்ளேயிருந்து சிரித்தார். “வைக்கட்டுமே. அவ வூட்லதான் அருவாமனை கீதே!”

ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் ஊர்க்கவுண்டர் ஆனந்தனிடம் முறையிட்டபோது அவர் இரண்டு பக்கமும் சாயவில்லை. “வூட்டுக் கத்தி ஒண்ணு கொண்டாந்து வைம்மா. பங்கு உன்னுது. இல்லன்னா அவன்து. இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். அடுத்த மாசிக்கு ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது.

நவம்பரில் அறுவடை முடிந்ததும் அம்மாக்கண்ணு அடிவாரத்துக் கொல்லரிடம் போனார். அந்தக் கொல்லருக்கு மலைமேல் இருபது வீட்டு வேலையைப் பிடித்துக் கொடுப்பவர் சிங்காரம். கொல்லர் தலை நிமிராமல், “கையில வேலை நெறைய கீது. பங்குனில வாம்மா” என்றார். மாசி முடிந்த பிறகு வருவது பங்குனி.

“பங்குனில நான் வர மாட்டேன். உன் ஒலையில நீயே கெடந்து வேவு” என்று சொல்லிவிட்டு அம்மாக்கண்ணு நடந்தார். கத்தியைத் தானே செய்வது என்று திரும்பி மலையேறும் வழியில்தான் முடிவு செய்ததாகச் சொல்கிறார். அதுவரை அவர் இரும்பைச் சுட்டதில்லை.

டிசம்பர் 14, சனிக்கிழமை. அடிவாரத்தில் ஜீப் பழுது பார்க்கும் கிளமென்ட்டின் பட்டறைக்குப் போய், ஜீப்பின் அடியில் பளுவைத் தாங்கும் வில் போன்ற எஃகுப் பட்டையில் ஒரு துண்டு கேட்டார். அங்கே அதற்குக் கமான்பட்டை என்று பெயர்.

“கத்தி செய்யறதுக்கா? யாரைக் குத்தப் போற?” என்றார் கிளமென்ட்.

“இன்னும் முடிவு பண்ணல. லிஸ்ட்டு பெரிசு.”

“அதுல என் பேரு கீதா?”

“பட்டையைக் குடுக்கலன்னா சேத்துக்கறேன்.”

கிளமென்ட் பழைய பட்டை ஒன்றை எடுத்து, இயந்திரச் சக்கரத்தால் இரண்டாக அறுத்துக் கொடுத்தார். “ஒண்ணு போதுமே” என்றார் அம்மாக்கண்ணு.

“மொதல்ல ஒண்ணை நீ ஒடைச்சிடுவ. எதுக்கு ரெண்டு தரம் மலையேறி எறங்கற?”

அன்று முதல் ஒவ்வொரு கட்ட வேலையையும் அவர் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தார். கடையில் வாங்கியது என்று சிங்காரம் சொல்லக்கூடும்; அதற்குப் பதிலாக இந்தப் படங்கள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. படங்கள் மொத்தம் நாற்பத்து மூன்று. கீழே வரும் தேதிகள் அவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

முதல் துண்டைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டார். எஃகு இளகியது. பாறையின் மேல் வைத்துச் சம்மட்டியால் தட்டி வளைவை நிமிர்த்தினார். பிறகு அரத்தால் ராவத் தொடங்கினார். பதினோரு நாள் ராவினார். உள்ளங்கைத் தோல் இரண்டு முறை உரிந்தது. ஓசை ஊர் முழுவதும் கேட்டது. ஒரு நாள் காலையில் சிங்காரம் வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

“இந்தச் சத்தத்துல என் ஆட்டுக்குச் சினை கலைஞ்சிடும்மே.”

“தெனம் உங்க மூஞ்சைப் பாத்தே கலையாதது இதுலயா மாமா கலையப் போவுது?”

அதன் பின் அவர் வீட்டிலிருந்து யாரும் அம்மாக்கண்ணுவுக்குக் குடிநீர்க் குழாயில் முறை விடவில்லை. அவர் அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள சுனைக்குப் போய்த் தண்ணீர் எடுத்தார்.

2025 ஜனவரி 5. ராவி முடித்த கத்தியைச் சிவக்கக் காய்ச்சினார். கொல்லர்கள் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறார். மலையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதே போல், சுனையிலிருந்து கொண்டுவந்த குளிர்ந்த நீரில் கத்தியை இறக்கினார். ‘ணங்’ என்று ஓர் ஒலி எழுந்தது. வெளியே எடுத்தபோது முதுகிலிருந்து கூர்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. கல்லில் தட்டினார். இரண்டாக விழுந்தது.

துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளமென்ட்டிடம் இறங்கினார்.

“தண்ணியில வுட்டியா?” என்றார் கிளமென்ட். “அரிவா இரும்பு வேற, கமான்பட்டை வேற. இது தண்ணியைத் தாங்காது. எண்ணெய்ல வுடணும்.”

“இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“கேட்டியா நீ? லிஸ்ட்டுல பேரு சேக்கறேன்னுதான சொன்ன.”

திட்டிக்கொண்டேதான் மீதியையும் சொன்னார். காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்ச வேண்டும். எண்ணெயில் தோய்த்ததும் கத்தி கண்ணாடி போல் உடையும் பதத்தில் இருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். நீலம் ஓடிவிட்டால் கூர் நிற்காது. அம்மாக்கண்ணு இரண்டாம் துண்டை எடுத்தார். மறுபடி சாம்பல், மறுபடி அரம். இம்முறை ஒன்பது நாள்.

ஜனவரி 26 அன்று புங்க எண்ணெயில் தோய்த்தார். விரிசல் இல்லை. சாமை வறுக்கும் சட்டியில் மணலைக் கொட்டிச் சூடேற்றி, கத்தியை அதன் மேல் கிடத்தினார். வைக்கோல் நிறம் என்று கிளமென்ட் சொன்னது புது வைக்கோலா பழைய வைக்கோலா என்று தெரியவில்லை. பாதி வறுபட்ட சாமையின் நிறம் அவருக்குத் தெரியும். அந்த நிறம் கூரின் மேல் படர்ந்த கணத்தில் இடுக்கியால் எடுத்துவிட்டார்.

பிடிக்கு மரம் வேண்டும். வீட்டில் காய்ந்த கெட்டி மரம் வேறு எதுவும் இல்லை. கொட்டகையில் உடைந்த ஏர் ஒன்று கிடந்தது. அதன் மேழியை, அதாவது உழும்போது கை பிடிக்கும் பகுதியை, அறுத்துப் பிளந்து, இருபுறமும் வைத்து ஆணி அடித்து இறுக்கினார்.

உறை மட்டும் எளிது என்று நினைத்தார். திருமணத்துக்கு முன் நான்கு ஆண்டுகள் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைத்தவர். உடன் வேலை செய்த மெர்சிலினைக் கைப்பேசியில் அழைத்து அடித்தோல் துண்டுகள் கேட்டார். “நாலு வருசமா ஒரு போன் இல்ல. தோலுக்கு மட்டும் போன் வருது” என்று மெர்சிலின் சொன்னார், ஆனாலும் பேருந்தில் கொடுத்தனுப்பினார். தோலை நீரில் ஊறவைத்து, கத்தியைப் பால் பாக்கெட் உறையில் சுற்றி உள்ளே வைத்து, தோல் அதன் வடிவத்தில் காயும்வரை இறுக்கிக் கட்டினார். ஓரத்தில் ஊசிக்குத் துளையிட்டுத் தைத்தார். பிப்ரவரி 9 அன்று அதை இடுப்பில் செருகிக்கொண்டு விறகுக்குப் போனார். குனிந்தபோது கூர் உட்புறத் தையலை அறுத்து வெளியே வந்து இடுப்பைக் கீறியது. விரல் நீளக் காயம். தொழிற்சாலையில் அவர் தைத்த எந்தக் காலணிக்குள்ளும் கூரான பொருள் இருந்ததில்லை. அடுத்த உறையில் இரு தோல்களுக்கும் இடையே, தையல் ஓடும் ஓரத்தில், மூன்றாவதாக ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்தார். இப்போது கூர் பட்டையில் மோதி நின்றது, நூலைத் தொடவில்லை. அறுபத்து நான்கு தையல்கள். முடித்த நாள் பிப்ரவரி 16.

2025 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. முதல் மரத்தைச் சுற்றிக் கல்வரிசை உண்டு. செருப்புகளை அதற்கு வெளியே விட வேண்டும். முப்பதுக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். சிங்காரம் தம் கத்தியையும் தம்பி கத்தியையும் மூங்கில் உறைகளோடு முதலிலேயே வைத்துவிட்டார். அம்மாக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தாண்டக் காலெடுத்தார்.

“நில்லு” என்றார் சிங்காரம். “இடுப்புல இன்னாது? செருப்பை வெளிய வுட்டுட்டு, செருப்புத் தோலை உள்ள கொண்டாரியா?”

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றனர். ஆனந்தன், “தோலு உள்ள வர்றது பழக்கம் இல்லதான்” என்றார்.

“கல்லு வரைக்கும் உறையோட வந்தேனா, இல்லையா? அத்தச் சொல்லுங்க.”

“வந்தம்மா. உறை வேணுன்றது மரத்தாண்ட வர்ற வரைக்கும்தான்.”

அம்மாக்கண்ணு உறையைக் கழற்றிச் செருப்பின் மேல் வைத்தார். கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து மரத்தடியில் வைத்தார்.

சிங்காரம் விடவில்லை. “இரும்பு ஜீப்பு இரும்பு. தோலு ஆம்பூரு தோலு. வூட்டுக் கத்தின்னு எப்படிச் சொல்றது? இதுல வூட்டுது இன்னா கீது?” என்று கத்தியை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். அம்மாக்கண்ணு கைப்பேசியை எடுத்துப் படங்களைத் தேடத் தொடங்கினார். அதற்குள் சிங்காரத்தின் கட்டைவிரல் பிடியின் மேல் தானாக ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. அவர் குனிந்து பார்த்தார்.

“ஏய்! இது எங்கப்பன் ஏரு மேழி! யாரைக் கேட்டுடி அறுத்த?”

“ஒடைஞ்சி கெடந்தது.”

“ஒடைஞ்சா? ஒடைஞ்சாலும் எங்க வூட்டுச் சொத்து! எங்க தாத்தா செதுக்கினது. நான் இருவது வருசம் புடிச்ச மேழி. இந்தப் பிடியைக் கழட்டிக் குடுத்துட்டு மறுவேலை பாரு!”

“இன்னொரு வாட்டி சொல்லு சிங்காரம்” என்றார் ஆனந்தன்.

“எங்க வூட்டு மேழின்றேன். எனக்குத் தெரியாதா?”

“உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அந்த வூட்டுக்கு இப்ப நீதான் மூத்தவன். வூட்டுதுன்னு நீயே சொல்லிட்ட. கத்தி செல்லும். வைம்மா.”

மாணிக்கம்மாள் கணவரின் முதுகில் கைவிரலால் குத்தினார். “வாயை மூடிக்கினு நின்னிருக்கலாம்ல? வந்துட்டான் மேழியைக் கண்டுபுடிக்கறதுக்கு!”

கிளையை ஆனந்தனே காட்டினார். அது கட்டைவிரலை விடச் சற்றுப் பருத்தது. அம்மாக்கண்ணு அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரே வெட்டு. கிளை கல்வரிசைக்கு உள்ளேயே விழுந்தது. கத்தியின் கூர் விளிம்பை வெயிலில் திருப்பிப் பார்த்த ஆனந்தன், எங்கும் சிதையவில்லை, பல் விழவில்லை என்று உரக்கச் சொன்னார்.

“தம்பி கத்தியை எடுத்துக்கினு போ சிங்காரம். இந்த வருசம் அதுக்குப் பங்கு இல்ல.”

சிங்காரம் காறி உமிழ்ந்தார். கல்வரிசைக்கு வெளியே போய் உமிழ்ந்தார். பின்னர் தம்பி கத்தியை எடுத்தார். மேற்கு வரிசையின் மூன்று மரங்கள் அம்மாக்கண்ணுவின் பெயரில் சொல்லப்பட்டன. உலுக்குவதற்குக் கூட்டத்திலிருந்து யாரும் உடன் வரவில்லை. அவரே ஏறினார், அவரே உலுக்கினார், அவரே பொறுக்கினார். பிற்பகல் மூன்று மணியளவில் செருப்பை எடுக்க முதல் மரத்துக்குத் திரும்பினார்.

செருப்புகள் இரண்டும் அங்கேயே இருந்தன. உறை அவற்றின் மேல், வைத்த இடத்திலேயே, மூன்று தனித்தனித் தோலாகப் பிரிந்து கிடந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தரையில் பரப்பி, நாற்பத்து நான்காவது படத்தை எடுத்தார். பிறகு துளை துளையாக எண்ணினார்.

மொத்தத் தையல்கள்: அறுபத்து நான்கு. அறுக்கப்பட்டவை: அறுபத்து நான்கு.