நாற்றத்துக்குப் பழகாதவர்

டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. வழக்கம்போல் தண்ணீர் எச்சரிக்கைதான் என்று எரிச்சலோடு எடுத்தேன். ஸ்டெல்லாக்காவின் தம்பி பேசினார். "அக்கா போய்ட்டாங்கப்பா" என்றார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராயபுரத்துக்காரர், நீர்ப் பரிசோதகர், வாய் ஓயாதவர். திருவொற்றியூர்க் குடிநீர்க் குழாய்களில் சென்சார் பொருத்தி, கழிவுநீர் கலந்தால் தானே கண்டுபிடித்து எச்சரிக்கும்படி கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து கிடந்தோம்.

ஆரம்பத்தில் அது ஓயாமல் கத்தியது. எங்கள் பகுதித் தண்ணீரின் பழைய அளவுகளையெல்லாம் ஊட்டியதும் அடங்கியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் நிம்மதி. அக்காவுக்கு மட்டும் சந்தேகம். என்னை இழுத்துக்கொண்டு ஒரு தெருவுக்குப் போனார். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்ணிடம், "தண்ணி எப்டிமா கீது?" என்றார். "நல்லாத்தான் கீது. கொஞ்சம் நாறும், அவ்ளோதான்" என்றார் அந்தப் பெண். முகர்ந்து பார்த்தேன், குமட்டியது. கணினி அந்த நேரத்திலும் 'இயல்பு' என்றே காட்டியது.

திரும்பி வந்ததும் ஆய்வக வாசலில் அக்கா, "அது இன்னா பண்ணும் நைனா? பொறந்ததுலேர்ந்து இந்தத் தண்ணியத்தானே பாத்துகினு கீது. அந்தம்மா மாதிரியே பழகிடிச்சு" என்றார்.

ஊட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, பரிசோதனையில் தேறிய தண்ணீரின் அளவுகளை மட்டும் வைத்து மறுபடி தொடங்கினோம். தேறிய நாட்களைத் தேடியே கண் பூத்துப்போனது. கணினி மறுபடி கத்தியது. "தினம் கத்தினா யாரும்மா பார்ப்பாங்க? அந்த எச்சரிக்கை லிமிட்டைக் கொஞ்சம் ஏத்திடுங்க" என்றார் மேலதிகாரி. "தண்ணி மாறட்டும் சார், அதுவே வாய மூடிக்கும்" என்றார் அக்கா. குழாயை மாற்றினார்களா என்று கேட்காதீர்கள். எச்சரிக்கை வரும்போதெல்லாம் வால்வை அடைக்கச் சொல்லி, லாரித் தண்ணீர் அனுப்பச் சொல்லிச் சண்டை போட்டதுதான் மிச்சம்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது அதே மேலதிகாரி என் தோளைத் தட்டினார். "இனிமேலாவது அந்த லிமிட்டை ஏத்திடலாம்ல?" எனக்கும் அலுத்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. ஏற்றினால் நானும் நிம்மதியாகத் தூங்கலாம். "வேணாம் சார்" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த எச்சரிக்கை வரம்பு ஒன்றுதான். அதைத் தொடவில்லை. இன்று காலையும் போன் அதிர்ந்தது. லாரிக்குச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.