அத்தர்காரரின் மூக்கு

கண்டி மார்க்கெட் வாசலில் துருக்கித் தொப்பியோடு அத்தர் விற்றவரை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ரோசாவும் சந்தனமும் கலந்த எண்ணெயை நம் மணிக்கட்டில் தடவி, முகரச் சொல்லிவிட்டு, வைத்த கண் வாங்காமல் நம்மையே பார்ப்பார். என் தீராத தலைவலிக்கும் அதையே தந்தார். வலி குறைந்தது. ஆனாலும் ஆள் ஏமாற்றுக்காரர் என்பதில் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒருநாள் அவருடைய குப்பியிலேயே மலிவு எண்ணெயை ஊற்றிக்கொண்டு போனேன்.

“நானா,” என்று ஊரார் போலவே அண்ணன் முறை சொல்லி அழைத்தேன். “இது நீங்க தந்த அத்தர்தானா?”

அவர் முகரவில்லை. என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து, என்னை முகரச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

“இது என்ட சாமான் இல்ல, மாஸ்டர்.”

“முகராமலே எப்படிச் சொல்றீங்க?”

“காய்ச்சல்ல மூக்கு செத்துப் பல வருஷம். நான் ஆக்கள்ட தோளத்தான் பாக்கிறது. நல்ல அத்தர்னா தோள் தானா எறங்கும். ஒங்கட தோள் எறங்கல்ல.”



அவர் ஊரைவிட்டுப் போனபின் அதே அத்தரை வேறு கடையில் வாங்கினேன். மணம் அதேதான். தலைவலிதான் போகவில்லை, எதிரே நின்று என் தோளைப் பார்க்க அங்கே ஆளில்லை.