மூன்று லிட்டர் தண்ணீர்

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருடமாகப் புடவைப் பிரிவில் நிற்கிறேன். கழிப்பறை இரண்டாவது மாடியில். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வாடிக்கையாளர்கள் முன்னால் அதைச் சொல்ல முடியாமல், மற்ற பெண்கள் "ஸ்டாக் பாத்துட்டு வர்றேன்" என்பார்கள். எனக்கு அதுகூட வாயில் வராது. அதனால் வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்காமலே பழகிவிட்டேன்.

போன கோடையில் இடுப்பு வலி வந்தது. விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்ததில் இடது சிறுநீரகத்தில் கல் என்றார்கள். அண்ணி தினமும் வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்தார். மறுபடியும் வலி வந்தபோது அண்ணி என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார்.

"வாழைத்தண்டு வேணாங்கல. உப்பு, ஊறுகா, கருவாடு கொறைங்க. தண்ணி எவ்ளோ குடிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்க குடிக்குது? பாட்டிலு போன மாதிரியே திரும்பி வருது," என்றார் அண்ணி.

"மூணு லிட்டராவது குடிக்கணும்மா. இல்லன்னா கல்லு பெருசாயி அந்த கிட்னியே கெட்டுடும்."

மறுநாள் மதியத்துக்குள் ஒரு பாட்டில் குடித்தேன். அடக்க முடியவில்லை. சூப்பர்வைசரிடம் போய், "ஸ்டாக் பாத்துட்டு வர்றேன்," என்றேன். நான் அப்படிச் சொன்னதே இல்லை என்பதால் அவர் நிஜமென்று நினைத்துவிட்டார்.

"இன்னா ஸ்டாக்குக்கா? காலைலதான எண்ணிக்கினு வந்தேன்?"

"பாத்ரூம்," என்றேன். கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பமே வந்து நின்றிருந்தது. யாரும் திரும்பவில்லை.

"அட, போய்ட்டு வாங்கக்கா. அதுக்கு இன்னாத்துக்கு ஸ்டாக்க இழுக்கறீங்க?"

கூச்சமோ நிம்மதியோ எதுவும் வரவில்லை. மாடிப்படி ஏறினேன்.