இரண்டு ஒண்ணாம் நம்பர்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு இரண்டாயிரமாம் வருஷத்துக்குப் பிறகுதான் நாகரிகம் வந்தது. பேட்டர்ன் வரைய ஒரு கம்ப்யூட்டர், தோலில் எதை எங்கே வெட்டுவது என்று பார்க்கக் கட்டிங்குக்கு ஒன்று. இரண்டும் ஃபைல் வைக்கப் பொதுவாக ஒரு டிஸ்க் பெட்டி. ஒன்பதாவதில் படிப்பை விட்டு, பசை தடவிக்கொண்டிருந்த என்னைப் பேட்டர்ன் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார்கள். ஏ.சி. அறை. எது கெட்டாலும் மறுபடி பசை டப்பாதான் என்ற பயத்தில் எனக்கு அங்கேயும் வியர்த்தது.

பெட்டியை மாட்ட வந்த சென்னை இன்ஜினியர் விளக்கினார். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரிதான். ஃபைலை எழுதுகிற, அதாவது சேவ் செய்கிற, கம்ப்யூட்டர் தன் நம்பரைப் பெட்டியில் போட்டு வைக்கும். வேறு நம்பரைப் பார்த்தால் மற்றது காத்திருக்கும். "அதனால இது ஒண்ணு, அது ரெண்டு."

அவ்வளவுதான்.

"நான் ரெண்டா?" என்றார் கட்டிங் மாஸ்டர். "நான் வெட்டலைன்னா இவரு பேட்டர்னை வச்சு பட்டம் விடலாம்."

"வரைஞ்சு குடுத்தாதானே வெட்டுவே?" என்றார் பேட்டர்ன் மாஸ்டர்.

முதலாளி வந்தார். ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் தீர்த்து வைப்பவர். "இன்னா பேஜாரு இது? ரெண்டு பேருக்கும் ஒண்ணே போட்டுடுப்பா."

"சார், சீட்ல கிடக்கிறது தன் துண்டுதான்னு ரெண்டுமே நினைச்சுக்கும். ஒரே நேரத்துல எழுதினா ஃபைல் போச்சு."

"இவங்க பேசிக்கிறதே இல்ல, ஒரே நேரத்துல எங்க எழுதப்போறாங்க?"

இந்த விஞ்ஞானத்தைக் கேட்டு இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகியிருந்தது. போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "பாய், எனக்கு பயமா இருக்கு" என்றேன் முதலாளியிடம். "உனக்கு ஃபேன் சுத்தினாலும் பயம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் சேவ் செய்யும் முன் எழுந்து போய்க் கட்டிங் அறைக்குள் எட்டிப் பார்ப்பேன். "இன்னாடா, வேவு பாக்க அனுப்பினாரா உங்க ஒண்ணாம் நம்பரு?" என்று விரட்டுவார் மாஸ்டர்.

ஆர்டர் கொடுக்க ஜெர்மன் பையர் வருவதற்கு முந்தின நாள். எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் சாம்பிள் ஷூவின் பேட்டர்னை நான் சேவ் செய்தேன். அதே நிமிடம் கட்டிங்கிலும் சேவ். திறந்து பார்த்தால் திரையில் ஷூவும் இல்லை, செருப்பும் இல்லை. கோழி கிளறின மாதிரி கோடுகள். என் கண்ணுக்குப் பசை டப்பா தெரிந்தது.

பேட்டர்ன் மாஸ்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. அட்டையும் கத்தியும் எடுத்துக் கையாலேயே வெட்ட ஆரம்பித்தார். மறுநாள் பையரை முதலாளி தோல் பதனிடும் டேனரி ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினார். சுண்ணாம்புத் தொட்டியைக்கூட விடவில்லை. மூக்கைப் பொத்தியபடி மாலையில் வந்த மனிதர், பசை காயாத ஷூவைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

இன்ஜினியர் திரும்ப வந்தார். "இப்ப யாரு ரெண்டு?" என்றார்.

"ஒண்ணு நான்" என்றார் முதலாளி. அவரிடம் கம்ப்யூட்டரே கிடையாது. "கட்டிங் ரெண்டு, பேட்டர்ன் மூணு. போங்க."

அன்று மத்தியானம் நான் சேவ் போட்டதும் கட்டிங் அறையிலிருந்து சத்தம் கேட்டது. "மூணாம் நம்பர் எழுதுதாம், நான் காத்திருக்கணுமாம்! இன்னா மரியாதை இது?"

திட்டிக்கொண்டே காத்திருந்தார். நான் எழுந்து போய் எட்டிப் பார்க்கவில்லை.