வாசித்துச் சொல்லாத பக்கம்

என் மனைவி தனக்குப் பிடித்த இணையப் பக்கங்களை எல்லாம் என்னுடைய வட்ஸ்அப்புக்குத்தான் அனுப்பி வைப்பாள். அவளுடைய போனில் இடமில்லை. என் போன் ஏதோ பெரிய அலுமாரி என்று நினைப்பு. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தில், அவள் பொறுப்பாக இருந்தாள். கடதாசிப் பூ செய்யும் விதம், பிள்ளைப் பாட்டு, முருங்கைக்கீரை ரொட்டி என்று நாளுக்கு நாலைந்து வந்து விழும்.

"இதெல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டு, தேடுனா வர்ற மாதிரி செஞ்சு குடுங்களேன். கம்பியூட்டர் தெரிஞ்ச ஆளுன்னுதானே ஒங்களக் கட்டிக்கிட்டேன்" என்பாள்.

நான் தோட்டத்து ஒப்பீஸில் கம்பியூட்டர் வேலை பார்ப்பவன். வீட்டுக்கு வந்தால் அந்தச் சாமானைக் கண்டாலே எனக்கு எரிச்சல். செய்து கொடுக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்து, பௌர்ணமிக்கு விடும் ஒரு போயா லீவு நாளில் அதைச் செய்ய உட்கார்ந்தேன். அவள் ஆசையை நிறைவேற்ற என்று சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. அவள் கடைசியாக அனுப்பியவற்றில் ஒரு சிங்களப் பக்கம் இருந்தது. அவள் சிங்களத்தில் பேசினால் கரவனெல்ல டவுன் சிங்களக் கடைக்காரரே சொந்த ஊர்க்காரி என்று நினைப்பார், ஆனால் எழுத்துத் தெரியாது. நான் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆகவே எங்கள் வீட்டில் சிங்களத்தில் எது வந்தாலும் வாசித்துச் சொல்வது என் வேலை. அந்தப் பக்கத்தையும் வாசித்துச் சொல்லும்படி கேட்டாள். நான் திறக்கவேயில்லை. அதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்; நேராகப் போய்த் திறக்கத்தான் தைரியமில்லை. சுற்றி வளைத்துப் போனால் வழியில் கொஞ்சம் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

திரை உடைந்த பழைய லெப்டொப் ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. அதைத் தூசி தட்டி, லினக்ஸ் ஏற்றி, டிவியைத் திரையாக இணைத்து, வீட்டுக்குள்ளேயே ஓடும் சேர்வர் ஆக்கினேன். புக்மார்க்குகளைச் சேர்த்து வைக்கிற இலவச மென்பொருள் ஒன்றை அதில் நிறுவினேன். வெளியில் இதற்கென்றே எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. ஆனால் இன்னொருத்தன் கடையைப் பூட்டிக்கொண்டு போனால் உள்ளே அவளுடைய சாமான் மாட்டிக்கொள்ளும். அவளுடையது அவள் வீட்டிலேயே இருக்கட்டும். முதல் தடவை ஏறவில்லை. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு இடைவெளி தவறி விழுந்திருந்தது. அதைத் திருத்தியதும் மின்சாரம் போனது. வந்ததும் மறுபடி ஓட்டினேன். எல்லாம் சேர்த்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் அவளை மூன்று வருடம் கெஞ்ச விட்டேன்.

பிறகு அவளோடு பேசிய வட்ஸ்அப் உரையாடலை வெளியே எடுத்து, லிங்குகளை மட்டும் பிரித்து உள்ளே அனுப்பச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். லிங்க் அனுப்பினால் அடுத்த வரியில் அது என்னவென்று எழுதுவது அவள் வழக்கம். அதனால் அடுத்த வரியைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் எழுதி முடிப்பதற்குள் நான் ஒற்றைச் சொல் போட்டுவிடுவதால், அந்த அடுத்த வரி பல நேரம் என்னுடைய பதிலாக இருக்கும் என்பது இந்தப் பெரிய கம்பியூட்டர்காரனுக்குத் தோன்றவில்லை.

பட்டியல் திரையில் வந்தது. கடதாசிப் பூ: "ம்." முருங்கைக்கீரை ரொட்டி: "வேல." கைக்குழந்தைக்குத் தாலாட்டு: "ம்." பக்கம் பக்கமாக அவளுடைய ஆசைகளும், கீழே என்னுடைய பதில்களும். ஒன்றுக்காவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா என்று தேடினேன். வெட்கமாக இருந்தது.

சிங்களப் பக்கம் கடைசிக்குச் சற்று முன்னால் இருந்தது. அதன் கீழே, "பொறவு பாக்குறேன்."

திறந்தேன். பெண்களுக்கு வரும் இதய நோயைப் பற்றிய கட்டுரை. படி ஏறும்போது மூச்சு வாங்கும், தாடை வலிக்கும், சும்மா இருந்தாலும் களைப்பாக இருக்கும், இப்படி இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மேலே, படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் படம். படத்தைப் பார்த்துத்தான் அவள் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பிய பதினோராம் நாள் பிள்ளைக்காம்பராவுக்கு ஏறும் படியில் விழுந்தாள். த்ரீவீலில் ஏற்றிக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மேசையில் தலையை வைத்து அழுதேன். சத்தம் கேட்டு, அடுத்த அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் வந்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். திரையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத நான் வாசிச்சு சொன்னேன்ப்பா அம்மாவுக்கு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "எப்ப?"

"ஒங்களுக்கு அனுப்புன அன்னைக்கே. நீங்க வேலன்னு என்கிட்ட குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துல படிச்ச சிங்களத்த வச்சு முழுசா வாசிச்சு தமிழ்ல சொன்னேன். கொழும்புல இருந்து ஒப்பீஸுக்கு கணக்குப் பாக்குற ஆளுங்க வந்துட்டுப் போகட்டும், அடுத்த கெழம அப்பாவோட போயி காட்டுறேன்னாங்க. அதுவரைக்கும் ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. நானும் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்க. போயிருப்பீங்கதானே?"

ஐந்து மாதமாக மகள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்திருந்தேன்.

போயிருப்பேன் என்றால் குற்றம் அவள் தலையில் விழும். போயிருக்கமாட்டேன் என்றால் அவளுக்கு அப்பன் என்று ஒருவன் இல்லாமல் போவான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பா, அம்மா எனக்குத்தான் அனுப்புனா. வாசிக்க வேண்டியது நான். நீ இல்ல."

அவள் தலையாட்டினாள், என் மனம் நோகக் கூடாதே என்று. மறுபடியும் சொன்னேன். நம்பவில்லை.