மழையில் மடக்கிய குடை

தெருவில் எல்லாருக்கும் அவர் கோப்புக்காரர். காவல் துறை அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர் என்றுதான் மனைவியும் நம்பியிருந்தாள். உண்மையில் அவர் பேனா பிடித்தது குறைவு; வேவு பார்க்க ஆட்களின் பின்னால் நடந்ததே அதிகம்.

நுணல் தன் வாயால்தான் கெடும். சினிமா எடுக்கும் அக்கா மகன் ஓர் உளவாளிக் கதையைக் கொண்டுவந்து படித்துக் காட்டினான். நாயகன் மாடிக்கு மாடி தாவினான். இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாடி தாவுகிறவனை ஊரே பார்க்குமே, வேவுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரனே திரும்பிப் பார்க்கக் கூடாதே என்றார். முகத்தைப் பார்க்காதே, குதிகாலைப் பார். சட்டையை மாற்றுகிறவன் நடையை மாற்ற மாட்டான் என்றார். பிறகென்ன, மடை திறந்தது. மனைவி தையல் வகுப்புக்குப் போகும் மத்தியானங்களில் மருமகன் வந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டான்.

"எல்லாம் சரி மாமா. ஆனா இவன் மேல எனக்கு ஏன் மனசு ஒட்டணும்? இவன் எதைத் தொலைச்சான்?"

அப்போதுதான் குடையைச் சொன்னார். மனைவியின் அண்ணன், தொழிற்சங்கத் துண்டறிக்கை அச்சடித்துவிட்டுத் தலைமறைவாக இருந்தான். தங்கை புருஷன் என்பதால் இவருக்கு மட்டும் கதவு திறந்தது. கிளம்பும்போது மழை. நனையாமல் போங்க மாப்பிள்ளை என்று தன் குடையைக் கொடுத்தான். தெருமுனையில் இவர் அதை மடக்கினார். கொட்டும் மழையில் யாரும் குடையை மடக்க மாட்டார்கள்; காத்திருந்த காவலர்களுக்கு அந்த ஒன்றே சைகையாகப் போதுமாயிருந்தது. எதிரே நின்ற வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். மச்சான் திரும்பி வரவேயில்லை.

"இது மட்டும் படத்துல வரக்கூடாதுடா. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

மருமகன் அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

படம் வந்தது. மனைவியோடு போனார். திரையில் ஒல்லியான ஓர் ஆள் குதிகால்களைப் பார்த்தபடி நடந்தான், வீட்டில் வாய் கூசாமல் பொய் சொன்னான். அரங்கம் அவனோடு மூச்சுவிட்டது. இடைவேளைக்குச் சற்று முன்னால் மழை பெய்தது. அவன் குடையை மடக்கினான். பாப்கார்ன் எடுத்த மனைவியின் கை பாதியில் நின்றது.

இடைவேளையில் மருமகனைத் தூணோரம் பிடித்தார். "என் தலையில அடிச்சில்லடா சத்தியம் பண்ணின?"

"அந்த இடம் இல்லன்னா அவன் வெறும் சம்பளக்காரன் மாமா. அதுலதான் மனுஷன் ஆகுறான். போய்ப் பாருங்க, ஜனம் அழுவுது."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது. ஏசத்தான் நினைத்தார். தனக்காகக் கதவைத் திறந்த மச்சான் முகம் குறுக்கே வந்தது.

படம் முடிந்து வீடு வந்தார்கள். கதவுக்குப் பின்னால் அண்ணனின் குடை தொங்கியது. அண்ணன் பிடிபட்ட அன்று கையில் குடையோடு தொப்பலாக நனைந்து வந்தவர், ஸ்பிரிங் இறுகிவிட்டது, விரியவில்லை என்று சொல்லியிருந்தார். விரியாத குடையை அண்ணன் நினைவாக இருபத்திரண்டு வருடம் தூசி தட்டி வைத்திருந்தாள். இப்போது எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். அறை நிறைய விரிந்தது.

"நல்லாத்தானே விரியுது," என்றாள்.

வெளியே மழை இல்லை. விரித்த குடையோடு தெருவில் இறங்கி நடந்தாள். அவர் வாசலில் நின்று அவள் குதிகால்களையே பார்த்தார். ஊரார் பின்னாலெல்லாம் நடந்தவருக்கு, அவள் பின்னால் போகக் கால் வரவில்லை.